முப்பது வருடப் பழைய மலைச் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

சஸ்பென்ஷன் கிடையாது. டிஸ்க் பிரேக் கிடையாது. சக்கரமோ இன்றைய மலைப் பந்தயங்களில் கண்ணில் படாத 26 அங்குலம். ஆனாலும் 1980-களிலும் 90-களின் முதல் பாதியிலும் வந்த மலைச் சைக்கிள்களை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கோ ஷெட்டில் தூசி படிந்து கிடந்ததை வாங்கி வந்து, அக்கக்காகக் கழற்றித் துடைத்து, அந்த வருடத்துக்கே உரிய பிரேக்கையும் கியரையும் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள். புது வண்டி எல்லா விதத்திலும் மேல் என்றால், பழசின் மேல் இந்தப் பிரியம் எதற்கு என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான்.

இளவயது நினைவு ஒரு காரணம், சரி. ஆனால் அந்த வண்டிகள் கடையில் இருந்த காலத்தில் பிறந்தே இராதவர்களும் அவற்றைத் தேடுகிறார்களே? மீதிக் காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. மலைச் சைக்கிள் பிறந்ததே வேறு வேறு வண்டிகளின் சாமான்களைச் சேர்த்துக் கட்டியதில்தான். அதனால் முதல் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு, ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனியின் ஃபிரேமில் பெரும்பாலும் பொருந்தியது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே ஓவராயில் பண்ணிக்கொள்ள முடிந்தது. பழைய வண்டியைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடுவது இதைத்தான். அந்த நிலை எப்படி வந்தது, எப்படிக் கைநழுவியது என்பதை அடிப்படையில் இருந்து பார்க்கலாம்.

ஒரு சொல் விளக்கம்: தமிழில் பைக் என்றால் மோட்டார் பைக். எனவே இங்கே மலைச் சைக்கிள் என்றே எழுதுகிறேன்.

எதை மலைச் சைக்கிள் என்கிறோம்?

மண்ணிலும் கல்லிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த சைக்கிளுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு.

1. டயர் சுமார் 5 செ.மீ. அகலம் இருக்கும், மேலே கட்டை கட்டையாகப் பிடிமானம் இருக்கும்.

2. மேடு ஏறுவதற்கான தாழ்ந்த கியர் இருக்கும். நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். மலைச் சைக்கிளின் தாழ்ந்த கியரில் அதே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர்தான். வேகம் குறையும், செங்குத்தான ஏற்றத்திலும் கால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

3. ஹேண்டில்பார் நேராக, அகலமாக இருக்கும். பிரேக்கும் கியர் லீவரும் கை எட்டும் இடத்தில் இருக்கும். கல் சரிவில் ஒரு கையை விட முடியாது அல்லவா?

1990-களில் நம் ஊர்க் கடைகளில் எம்.டி.பி. (மவுண்டன் பைக் என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் ஹெர்குலிஸ் வந்தது, ஹீரோவின் ரேஞ்சர் வந்தது. தடித்த டயர், நேர் ஹேண்டில்பார் என்று தோற்றம் ஒன்றுதான். பெரும்பாலானவற்றில் கியர் இல்லை, ஃபிரேமும் சாதாரண இரும்பு. அவற்றின் மேலும் ஒரு தலைமுறைக்கே தீராத பிரியம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையில் பேசப்போவது அவற்றுக்கு மூலமாக இருந்த அமெரிக்க, ஜப்பானிய வண்டிகளைப் பற்றி.

கிரீஸ் புகைந்த இறக்கம்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி, அங்கே டமல்பாயஸ் மலை. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், ரோட்டுப் பந்தயக்காரர்களும் அதில் உண்டு, 1930, 40-களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் இருந்து சொற்பக் காசுக்கு வாங்கினார்கள். காரணம் டயர். 2⅛ அங்குல அகலமுள்ள பலூன் டயரை ஷ்வின் 1933-இலேயே அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அது மண் பாதைக்கு எடுப்பாகப் பொருந்தியது. மட்கார்டு, ஸ்டாண்டு என்று தேவையில்லாத அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, சுமார் 20 கிலோ எடையுள்ள அந்த வண்டிகளை மலை மேல் கொண்டுபோய் அங்கிருந்து இறக்கி ஓட்டினார்கள். வண்டிக்குப் பெயர் கிளங்கர். நம் வழக்கில் டப்பா வண்டி.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண் பாதையில், ஒவ்வொருவராக இறக்கி நேரம் குறிக்கும் பந்தயம் ஒன்றை நடத்தினார்கள். முன்னின்று நடத்தியவர் சார்லி கெல்லி. சுமார் 3 கி.மீ. தூரத்துக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். அந்தப் பாதைக்கு வந்த பெயர் ரீபேக், அதாவது திரும்ப நிரப்புவது. எதை நிரப்புவது? கிரீஸை.

இந்தப் பெயருக்குள் ஒரு பொறியியல் கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்த வண்டிகளில் பின் சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் இருந்தது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 3,90,000 ஜூல். ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. காற்றும் மண்ணும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி, கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு இரும்பு உருளைக்குள் நாலைந்து நிமிடத்தில் இறங்கியாக வேண்டும். கீழே வந்து சேரும்போது ஹப்பில் இருந்து புகை எழும். உள்ளே இருந்த கிரீஸ் உருகி, கருகி, ஆவியாகப் போயிருக்கும். அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் ஹப்பைப் பிரித்து, குண்டுகளைத் துடைத்து, புது கிரீஸ் அடைத்துத்தான் மாட்ட வேண்டும்.

அந்தப் பாதையின் சாதனை நேரம் கேரி ஃபிஷருடையது: 4 நிமிடம் 22 விநாடி. அவருக்கு இரண்டே விநாடி பின்னால் ஜோ பிரீஸ். இந்த இருவர் பெயரும் திரும்ப வரும்.

சேர்த்துக் கட்டிய வண்டி

பிரேக் பிரச்சினைதான் அடுத்த மாற்றத்துக்கு வழிவிட்டது. ஹப் பிரேக்கைக் கழற்றிவிட்டு, இருவர் ஓட்டும் டாண்டம் சைக்கிளின் டிரம் பிரேக்கை மாட்டினார்கள். அதை இழுக்க மோட்டார் சைக்கிள் லீவர். மேலே ஏறித் திரும்புவதற்கு ரோட்டு சைக்கிளின் கியர். இப்படி மாட்ட மாட்ட, நாற்பது வருடப் பழைய ஃபிரேம்தான் தாங்கவில்லை; வளைந்தது, விரிசல் விட்டது.

எனவே 1977-இல் ஜோ பிரீஸ் குரோமோலி எஃகுக் குழாயில் இதற்கென்றே புது ஃபிரேம் கட்டினார். அந்த முதல் வரிசையில் மொத்தம் பத்து வண்டிகள். முதலாவது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் டாம் ரிச்சி ஃபிரேம் கட்டிக் கொடுக்க, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் அவற்றை முழு வண்டியாக்கி விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் கம்பெனியின் பெயர் மவுண்டன்பைக்ஸ். இந்த வகை வண்டிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கால வண்டி ஒன்றின் பாகப் பட்டியலைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பிரேக் பிரான்சின் மஃபாக், நெடும்பயண சைக்கிளுக்கென்று செய்தது. கிராங்க் பிரான்சின் டி.ஏ. பிரேக் லீவர் ஜெர்மனியின் மகுரா, மோட்டார் சைக்கிளுக்கானது. கியர் ஜப்பானின் சன்டூர். எந்தக் கம்பெனியும் இந்த வண்டிக்காக எதையும் செய்திருக்கவில்லை. எல்லாம் வேறு வேலைக்குப் பிறந்தவை, இங்கே வந்து சேர்ந்தவை. பொதுவான அளவுகள் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

1981-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஜப்பானில் செய்வித்து விற்ற ஸ்டம்ப்ஜம்பர், இந்த வண்டியைப் பட்டறையில் இருந்து சாதாரணக் கடைக்குக் கொண்டுவந்தது. 1982-இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி டியோர் எக்ஸ்.டி. என்ற பாகத் தொகுப்பைக் கொண்டுவந்தது. மலைச் சைக்கிளுக்கென்றே செய்த பாகங்கள் அதில் இருந்து தொடங்குகின்றன.

குழாயின் கணக்கு

பழைய வண்டியைப் பற்றி யார் பேசினாலும் 'எஃகுக்கு உயிர் உண்டு' என்கிற மாதிரி ஒரு பேச்சு வரும். இதில் எவ்வளவு உண்மை?

குரோமோலி என்பது சுமார் 1 சதவீதம் குரோமியமும் 0.2 சதவீதம் அளவுக்கு மாலிப்டினமும் சேர்த்த எஃகு. இதன் வலு சாதாரண இரும்பைவிட அதிகம். ஆனால் விறைப்பு, அதாவது வளைக்கப் பார்த்தால் எவ்வளவு எதிர்க்கிறது என்பது, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். வலு கூடுதல் என்பதால் குழாயை மெலிதாக்க முடிகிறது. இரண்டு நுனியிலும் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. என்பது போல, உள்பக்கம் தடிமனை மாற்றி இழுத்த குழாய்களைப் பயன்படுத்தினார்கள். ஃபிரேமை விரலால் சுண்டினால் சாதாரணக் குழாய் 'டக்' என்று கேட்கும் இடத்தில் இது 'டிங்' என்று கணீரெனக் கேட்கும்.

ஓட்டும்போது சொகுசாக இருப்பதற்கு ஃபிரேம்தான் காரணம் என்பது எனக்கு மிகையாகப் படுகிறது. கல்லில் ஏறும்போது டயர் அமுங்கும் அளவோடு ஒப்பிட்டால், முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம் மேலும் கீழுமாக வளைவது மிகச் சொற்பம். முன் ஃபோர்க்கின் மெல்லிய கால்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அவ்வளவே.

எஃகின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை அது எத்தனை லட்சம் தடவை வாங்கினாலும் களைத்துப் போவதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சின்ன அழுத்தமும் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் விரிசலாக வெளிப்படலாம். அப்புறம், எஃகை ஓரளவு வளைத்து நிமிர்த்தலாம். பின் சக்கரம் நிற்கும் கவை 130 மி.மீ. இடைவெளியில் இருந்தால், விஷயம் தெரிந்தவர் நிதானமாக 135-க்கு விரித்துக் கொடுப்பார். குழாயில் விரிசல் வந்தால் பித்தளை உருக்கி ஒட்டலாம். முப்பது, நாற்பது வருட ஃபிரேம்கள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

உடம்பே சஸ்பென்ஷன்

1980-களின் பிற்பகுதி வண்டியில் ஏறி உட்கார்ந்தால், முதுகு நன்றாக முன்னால் சாயும். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் 13 செ.மீ. வரை நீண்டிருக்கும். ஹேண்டில்பார் 56, 58 செ.மீ. அகலம்தான். ஃபோர்க்கின் தண்டு நுழைந்து நிற்கும் முன் குழாயின் சாய்வு 71 பாகை. ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும். வடிவமைத்தவர்களில் பலர் ரோட்டுப் பந்தயத்தில் இருந்து வந்தவர்கள் என்பதன் அடையாளம் இது. இன்றைய வண்டியில் ஸ்டெம் 4, 5 செ.மீ., ஹேண்டில்பார் 78 செ.மீ.க்குக் குறையாது, முன் குழாயின் சாய்வு 65 பாகையை ஒட்டி.

விளைவு என்ன? பழைய வண்டி சொன்ன இடத்தில் சட்டென்று திரும்பும். மேடு ஏறும்போது முன் சக்கரம் தூக்காது. ஆனால் செங்குத்து இறக்கத்தில் உடல் எடை முன் அச்சுக்கு மேலேயே இருப்பதால், ஒரு கல் தடுத்தாலும் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழலாம். எனவே ஓட்டுபவர் சீட்டை விட்டு எழுந்து, இடுப்பைப் பின் சக்கரத்துக்கு மேல் கொண்டுபோய், முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நீட்டியபடி இறங்க வேண்டும். இன்று ஸ்பிரிங்கும் எண்ணெயும் செய்கிற வேலையைக் கைகால் செய்தது. எந்தக் கல்லுக்கு இடப்பக்கம் போவது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். அந்த வண்டியில் பழகியவர்கள் அதை மறக்காமல் இருப்பதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

1989-இல் ராக்‌ஷாக்ஸ் ஆர்.எஸ்.-1 என்ற சஸ்பென்ஷன் ஃபோர்க் வந்தது. முன் ஃபோர்க் சுமார் 5 செ.மீ. அமுங்கும். அடுத்த வருடம் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. இறக்கப் பந்தயத்தில் ராக்‌ஷாக்ஸ் பூட்டிய வண்டியில் வந்த கிரெக் ஹெர்போல்ட் வென்றார். அதன்பின் விறைப்பான ஃபோர்க்குக்குப் பந்தயத்தில் எதிர்காலம் இல்லாமல் போனது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் சேர்க்கப்பட்டபோது முன் சஸ்பென்ஷன் சர்வ சாதாரணம். இடைப்பட்ட காலத்திலேயே சின்னப் பட்டறைகளின் பெயர்கள் பெரிய கம்பெனிக்குப் போகத் தொடங்கிவிட்டன. கேரி ஃபிஷர் 1993-இலும், தடித்த அலுமினியக் குழாய்க்குப் பெயர் பெற்ற கிளைன் 1995-இலும் ட்ரெக் கம்பெனி வசம் போயின.

கட்டைவிரல் லீவர்

பழைய வண்டியில் ஒரே ஒரு பாகத்தைக் காட்டி அந்தக் காலத்தை விளக்கச் சொன்னால், ஹேண்டில்பாருக்கு மேலே நிற்கும் கியர் லீவரைத்தான் காட்டுவேன். கட்டைவிரலால் தள்ளினால் கம்பி இழுபடும், செயின் பெரிய பல்லுக்கு ஏறும். இழுத்தால் இறங்கும். உள்ளே இருப்பது ஒரு திருகும் சில வாஷர்களும்தான். திருகை முறுக்கினால் லீவர் வைத்த இடத்தில் நிற்கும். இதற்கு ஃபிரிக்‌ஷன் முறை என்று பெயர். செயின் சரியாக உட்கார்ந்ததா என்பதைக் காதால் கேட்டு, 'கரகர' சத்தம் நிற்கும் வரை லீவரை மயிரிழை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

1980-களின் பிற்பகுதியில் இண்டெக்ஸ் முறை வந்தது: ஒரு 'கிளிக்', ஒரு கியர். வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிளிக்குக்கு இழுபடும் கம்பியின் நீளமும், பல் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும், செயினை ஒரு பல் சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெய்லர் என்ற பாகத்தின் அசைவும் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்தினால்தான் அது வேலை செய்யும். எனவே ஒரே கம்பெனியின், ஒரே காலத்தின் பாகங்களாக மூன்றையும் வாங்க வேண்டிய நிலை வந்தது. கலந்து கட்டும் சுதந்திரம் முதலில் பறிபோனது இங்கேதான். நல்லவேளையாக அந்தக் கால லீவர்கள் பலவற்றில் இரண்டு முறையும் இருந்தன. சிறிய வளையத்தைத் திருப்பினால் இண்டெக்ஸில் இருந்து ஃபிரிக்‌ஷனுக்கு மாறிவிடும். கீழே விழுந்து டிரெய்லர் வளைந்தாலும் கியர் போட்டபடி வீடு வந்து சேரலாம்.

அளவுகள் பெருகிய கதை

இன்று பழைய வண்டியைக் கடைக்கு எடுத்துப் போனால் 'இதற்குச் சாமான் வராது' என்ற பதில் வருவதற்கு, கீழே உள்ள மாற்றங்கள்தான் காரணம்.

1. சக்கரம். 26 அங்குல மலைச் சைக்கிளின் ரிம் அளவு 559 மி.மீ. 2000-க்குப் பின் 29 அங்குலம் என்ற பெயரில் 622 மி.மீ. வந்தது; பிறகு 27.5 என்ற பெயரில் 584 மி.மீ. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் உருளும் என்பது உண்மையே. ஆனால் அதற்கேற்ப ஃபிரேம், ஃபோர்க் இரண்டும் மாறியாக வேண்டும்.

2. பிரேக். ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் அழுத்தும் பழைய கேன்டிலீவர் பிரேக்கில் பிடிப்பு, இரண்டு கைகளையும் இணைக்கும் நடுக்கம்பி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 1996-இல் ஷிமானோவின் வி-பிரேக் வந்தது. பழைய ஃபிரேமில் உள்ள அதே குமிழில் மாட்டலாம், லீவரை மட்டும் மாற்றினால் போதும். டிஸ்க் அப்படியல்ல. அதற்குரிய தாங்கி ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இருக்க வேண்டும், பழசில் இருக்காது.

3. முன் குழாய். 1 அங்குலம், பிறகு 1⅛, நடுவில் சில வருடம் 1¼, இப்போது கீழே 1½ மேலே 1⅛ என்று குறுகும் குழாய். ஒன்றுக்கான ஃபோர்க் மற்றொன்றில் நிற்காது.

4. பின் அச்சு. 135 மி.மீ. நெடுநாள் நிலைத்தது. பிறகு 142, இப்போது 148.

5. செயின். பின்னால் 7 பல் சக்கரம் இருந்தபோது செயினின் அகலம் 7 மி.மீ.க்குச் சற்று மேல். 12 ஆனதும் ஏறத்தாழ 5.3.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொறியியல் காரணம் இருந்தது. ஆனால் எல்லாம் சேர்ந்து, நல்ல நிலையில் உள்ள ஃபிரேமையும் ஒரு சின்னப் பாகத்துக்காக மூலையில் போட வைத்துவிட்டன.

பரணில் இருப்பதை இறக்கினால்

1. முதலில் சீட் பில்லரைப் பாருங்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் பில்லர் பல வருடம் அசையாமல் இருந்தால், இரண்டும் அரித்து ஒன்றாகிவிடும். துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டுத் திருப்பிப் பாருங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் ஃபிரேம் நசுங்கும். புதுப் பில்லர் வாங்கும்போது அளவைப் பாருங்கள்: 26.8, 27.0, 27.2 எல்லாமே புழக்கத்தில் இருந்தவை, 0.2 மி.மீ. மாறினாலும் பொருந்தாது.

2. பில்லரைக் கழற்றியதும் வண்டியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். சிவப்புத் தூள் கொட்டினால் உள்ளே துரு. கொஞ்சம் என்றால் பயமில்லை. செதில் செதிலாக விழுந்தால் யோசிக்க வேண்டும்.

3. ரிம்மின் பக்கவாட்டில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து நடுவே குழி விழுந்திருந்தால், கோட்டம் எடுத்துப் பயனில்லை, ரிம்மையே மாற்ற வேண்டும்.

4. 1990-களின் சஸ்பென்ஷன் ஃபோர்க்குகள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டமர் என்னும் ரப்பர் போன்ற கட்டைகள் இருந்தன. முப்பது வருடத்தில் அவை ஜவ்வு மிட்டாய் போலக் குழைந்தோ, பொடிந்தோ போயிருக்கும்.

5. டயர் வாங்கும்போது '26' என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 26 × 1⅜ என்று எழுதியது 590 மி.மீ. ரிம்முக்கானது, மலைச் சைக்கிளில் ஏறாது. 26 × 1.95, 26 × 2.10 என்று புள்ளி வைத்து எழுதியதைக் கேளுங்கள், பக்கவாட்டில் 559 என்று இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் எம்.டி.பி. வண்டிகளுக்கும் இதே அளவு என்பதால் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும்.

6. கியர் லீவரை அழுத்தினால் கிளிக் பிடிக்காமல் வழுக்கினால், உடைந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே உள்ள கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, நூறு தடவை அழுத்தி, அழுக்கு வழிந்ததும் மெல்லிய எண்ணெய் விட்டால் பல லீவர்கள் உயிர் பெறும். அப்படியும் வராவிட்டால், கட்டைவிரல் ஃபிரிக்‌ஷன் லீவர் இன்றும் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகிறது. அதை மாட்டினால் பின்னால் இருப்பது ஆறு பல் சக்கரமா, எட்டா, எந்தக் கம்பெனி டிரெய்லர் என்ற கேள்வி அநேகமாக எழாது.